துணிச் சுற்றை உதறும் சிசு

சென்ற சித்திரைத் திங்களில் நமது துணைவியார் தலைப்பிரசவத்திற்காகத் தம் தாய்வீட்டில், சிவகாசிக்கு அருகிலுள்ள எம். புதுப்பட்டியில், தங்கியிருந்தார். அவ்வட்டாரச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் பணியில் நாம் ஈடுபட்டிருந்த நாட்கள் அவை. மாலையில் பேரேடுகளைக் கட்டி வைத்துவிட்டுப் புதுப்பட்டி போய்ச் சேர்ந்தால், அங்கே வேறொரு கணக்கு நேராகாமல் காத்துக் கிடக்கும். பிறந்து பன்னிரண்டு நாட்களே ஆன பெண்மகவு. அதனைப் பழைய மல் வேட்டித் துண்டில் கையும் காலும் அசையாதபடி நம் மாமியார் சுற்றி வைப்பார். ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஒரு கை வெளியே வரும். அடுத்து மற்றொரு கை. பின்னர் முகம் சிவக்க, தொண்டை கம்ம அழுகை. மறுபடியும் சுற்றுவார், மறுபடியும் அது உதறும். இவ்வாறு விடியும் வரையில்.

பழுத்த அநுபவம் உடையவர் அவ்வம்மையார். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். "கையைக் கட்டாமல் விட்டால் பிள்ளை பயந்து பயந்து முழித்துக்கொள்ளும், மாப்பிள்ளை. ஒரு வாரம் போனால் பழகிவிடும்" என்பது அவர் தீர்ப்பு. பக்கத்து வீட்டுப் பெண்டிரும் ஆளுக்கொரு காரணம் கூறினர். வயிற்று வலி என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால் கொடுங்கள் என்றார் மூன்றாமவர். பிறந்து இரண்டு வாரங்கூட நிறையாத உயிருக்கு 'அடங்காத பிள்ளை' என்ற பட்டமும் கிடைத்துவிட்டது.

நமக்கு வாய்மொழிக் கணக்கில் நம்பிக்கை குறைவு. ஆகவே கோடிட்ட குறிப்பேடு ஒன்றை எடுத்தோம். பால் குடித்த நேரம், துணி நனைத்த நேரம், சுற்றிய நேரம், உதறிய நேரம், உறங்கிய நேரம் எனப் பத்திகள் வகுத்து, மூன்று இரவுகள் விடாமல் எழுதினோம். வீட்டார் நகைத்தனர். எனினும் இக்கட்டுரைக்கு அக்குறிப்பேடே மூலம்.

நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் உரிய கூட்டுறவு இதழில் சிசுவின் உறக்கத்திற்கு இடம் உண்டோ என அங்கத்தினர் சிலர் வினவலாம். சிசுவைச் சுற்றும் துணிக்குரிய பருத்தி கரிசலில் விளைகிறது. துணி தறியில் இறங்குகிறது. அந்தத் துணி நன்மை செய்வது எப்பொழுது, தீமை செய்வது எப்பொழுது என்பதை அதனை உண்டாக்குவோர் அறிந்திருத்தல் முறையே. அன்றியும், பேறுகாலம் நேராத அங்கத்தினர் குடும்பம் ஏது?

சுற்றுவது எதற்காக என்பதை முதலில் காண்போம். தாயின் கருப்பையில் கடைசி மாதங்களில் சிசுவுக்குக் கை கால் நீட்ட இடமில்லை. எங்கு அசைந்தாலும் ஒரு சுவர் தட்டும். வெளியே வந்ததும் அச்சுவர் மறைந்துவிடுகிறது. சிறிது ஓசை கேட்டாலும், தலை சற்றே தாழ்ந்தாலும், சிசு திடுக்கிட்டு இரு கைகளையும் அகல விரித்துப் பின் அணைப்பதுபோல் மார்புக்குக் கொணர்கிறது. அந்த அதிர்ச்சியில் தானே விழித்துக்கொள்கிறது. எர்ன்ஸ்ட் மோரோ என்னும் குழந்தை மருத்துவர் 1918ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். ஆகவே மருத்துவ நூல்களில் இஃது அவர் பெயராலேயே வழங்குகிறது. இது நோயன்று, அச்சமும் அன்று, நரம்பு மண்டலம் செவ்வனே இயங்குவதற்கு அடையாளம். பிறந்த குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர் இது தோன்றாவிடில்தான் கவலை கொள்வார். நான்கு, ஐந்து மாதங்களில் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். பட்டாசுத் தொழில் நிகழும் இப்பகுதியில் சோதனை வெடியும், ஊர்ப் பொங்கலுக்கு வைக்கும் வேட்டும் பகல் இரவு பாராமல் கேட்கும். ஆதலின் புதுப்பட்டிச் சிசு ஏனைய ஊர்ச் சிசுக்களைக் காட்டிலும் அடிக்கடி திடுக்கிடுவதில் வியப்பில்லை. கைகளைச் சுற்றி வைத்தால் அந்த விரிப்பு அடங்கும், உறக்கம் நீளும். நம் மாமியார் கூறியதில் இவ்வளவும் உண்மையே.

உண்மையின் மறுபாதியைக் குறிப்பேடு காட்டிற்று. சுற்றி வைத்தபோது நம் மகவு ஒருமுறைகூட அரைமணி நேரம் தொடர்ந்து உறங்கவில்லை. துணியை உதறிய பின், பாட்டியின் மடியிலோ தாயின் மார்பிலோ கிடந்தபோது ஒன்றேகால் மணி, இரண்டு மணி என உறக்கம் நீண்டிருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல், கொஞ்சம் காற்று வீசத் தொடங்கியதும், சுற்றையும் அது பொறுத்துக்கொண்டது. மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரையிலோ சுற்றினாலும் அழுதது, சுற்றாவிட்டாலும் அழுதது. அதாவது மூன்று வெவ்வேறு காரணங்களை நாம் ஒரே தலைப்பில் பற்று எழுதி வந்திருக்கிறோம்!

மாலை அழுகையை முதலில் தள்ளிவிடலாம். அமெரிக்க நாட்டுக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் எண்பது தாய்மாரைக் கொண்டு நாட்குறிப்பு எழுதச் செய்து ஒரு கணக்கெடுத்தார். சிசுவின் அழுகை வாரந்தோறும் ஏறி, ஆறாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரமாக உச்சம் அடைந்து, பின் இறங்குகிறது என அதிலிருந்து தெரிந்தது. நோயற்ற, பால் போதுமான, நன்கு வளரும் குழந்தைகளின் கணக்கு அது. மாலையிலேதான் அழுகை மிகும் என்பதும் அவர் கண்டதே. ஆகவே ஏழு மணி அழுகைக்குத் துணிச் சுற்றையோ தாய்ப்பாலையோ பழி கூறுவது நியாயமன்று. துணி நனைப்பது நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல், எடையும் ஏறிவந்தால், பால் போதுமென்றே கொள்க. அடுத்த வீட்டார் சொல்லுக்காகப் புட்டிப்பாலோ, உரை மருந்தோ, தூக்கத்திற்கென்று கடையில் வாங்கும் மருந்தோ புகட்டுவது கூடவே கூடாது. ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் ஒன்றே உணவு.

இனி வெப்பம். துணியில் இறுகச் சுற்றும் வழக்கம் குளிர் நாடுகளுக்குப் பொருந்தலாம். நம் விருதுநகர் மாவட்டத்தின் சித்திரை வெயிலோ அனைவரும் அறிந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் கூரை, இரவு பத்து மணிக்குத்தான் அந்தச் சூட்டைக் கீழே இறக்கத் தொடங்குகிறது. நாம் வெற்று மேனியுடன் விசிறிக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். சிசுவை மட்டும் இரண்டு மடிப்புத் துணியில் பொதிந்து, தலைக்குக் குல்லாயும் இட்டு வைத்திருக்கிறோம். அதன் பிடரியில் கை வைத்துப் பார்த்தால் நீராய் வியர்த்திருக்கும். சொல்லத் தெரியாத உயிர் உதறாமல் என் செய்யும்? கை கால் குளிர்ந்திருப்பதைக் கண்டு பெரியோர் மேலும் போர்த்துவதுண்டு. அது தவறான அளவுகோல். பிறந்த குழந்தையின் கை கால் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். மார்பையும் பிடரியையும் தொட்டே வெப்பத்தை அறிதல் வேண்டும்.

எடை குறைந்தும், மாதம் நிறையாமலும் பிறந்த சிசுவின் செய்தி வேறு. அதற்கு வெப்பம் காத்தல் உயிர் காத்தலாகும். அதற்கும் துணியைவிடத் தாயின் மார்பே மேல். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டையொட்டி எட்கார் ரே என்னும் மருத்துவர், கருவிப் பெட்டிகள் போதாமையால், குறைமாதச் சிசுக்களைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் வழங்கும் அதனைப் பிறந்தவுடனே தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பது, இந்தியாவும் பங்கேற்ற ஓர் ஆராய்ச்சியால் 2021இல் தெளிவாயிற்று.

மூன்றாம் இரவு நிகழ்ந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். விடியற்காலை நான்கு மணி இருக்கும். மின்சாரம் நின்று, மின்விசிறி ஓய்ந்து, அதனால் விழித்தோம். மகவு ஓசையின்றிக் கிடந்தது. உறங்கிவிட்டது என்றெண்ணி மகிழ்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் நோக்கினோம். உதறிய சுற்றின் ஒரு முனை மேலே ஏறி மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. துணியை இழுத்தெறிந்தவுடன் அது ஒருமுறை செருமிப் பின் உரத்து அழுதது. அதுகாறும் வெறுத்த அழுகையை அன்று செவி குளிரக் கேட்டோம். நம் மாமியார் ஒன்றும் பேசவில்லை; துணியை மடித்துக் கொடியில் போட்டார்.

மறுநாள் வந்த கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதனைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சுற்றுவதென்றால் அவிழாதபடி சுற்றவேண்டும், அவிழ்க்கிற பிள்ளையென்றால் சுற்றவே வேண்டாம்" என்றார். இரண்டாவது வாக்கியந்தான் நமக்குப் புதியது. சுற்றியே ஆகவேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை என்பது அதுவரையில் நம் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், உறங்கும் சிசுவை எப்பொழுதும் மல்லாத்தியே கிடத்த வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான முடிவு. குப்புறக் கிடத்தினால் நன்கு உறங்கும் என்பது மெய்தான். அந்த ஆழ்ந்த உறக்கமே ஆபத்து. நோய் ஏதுமின்றி இரவில் கிடத்திய குழந்தை காலையில் உயிரற்றுக் கிடக்கும் திடீர்ச் சிசு மரணம், குப்புறக் கிடத்தும் வழக்கமுள்ள நாடுகளில் மிகுதியாக இருந்தது. மல்லாத்திக் கிடத்துமாறு பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் பிரசாரம் தொடங்கிய பின் அவ்வகை மரணம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. கைகள் சுற்றப்பட்ட சிசு குப்புறக் கவிழ்ந்தால் கை ஊன்றி முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இயலாது. அதனால் புரள முயலும் முதல் அடையாளம் கண்டவுடனே சுற்றுவதை அறவே நிறுத்தவேண்டும். சில குழந்தைகள் இரண்டாம் மாத முடிவிலேயே முயலும். பெரும்பாலானவை மூன்று, நான்கு மாதங்களில்.

கால்களைப் பற்றியும் ஒரு சொல். நம்மூர்ப் பெரியோர் சிலர், கால் கோணாமல் இருக்கவேண்டுமென்று இரு கால்களையும் நீட்டிச் சேர்த்து இறுகச் சுற்றுவர். சிசுவின் கால்கள் தவளையின் கால்போல் மடங்கி அகன்றிருப்பதே இயல்பு. தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் நன்கு பொருந்தி வளர்வதற்கு அந்நிலையே ஏற்றது. ஜப்பானில் கால்களை நீட்டிச் சுற்றும் வழக்கம் பரவியிருந்த காலத்தில் இடுப்பு மூட்டு விலகல் நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு மேலாகக் காணப்பட்டது. 1975ஆம் ஆண்டையொட்டி அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு நாடு முழுதும் பாட்டிமார் உள்ளிட்டோருக்குப் போதித்தனர். பின் அது ஆயிரத்திற்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிற்று. நம் தாய்மார் கழுத்து நின்ற குழந்தையை இடுப்பில் கால் அகல வைத்துத் தூக்கிச் செல்வது இவ்வகையில் மிக நல்ல வழக்கம்.

சுற்றத் துணிந்தால் துணி எத்தகையது வேண்டும்? இதில் நம் நெசவாளர்க்கு நாம் கற்பிக்க வேண்டியது யாதுமில்லை. நினைவூட்ட வேண்டியது உண்டு. அறுபது அல்லது எண்பதாம் நம்பர் நூலில் நெருக்கமின்றி நெய்த மல் போன்ற மெல்லிய துணி போதும். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கென நெய்யும் பேண்டேஜ் துணியைக் கண்டவர்கள், காற்று எவ்வளவு தாராளமாக ஊடுருவக்கூடும் என்பதை அறிவர். தறியிலிருந்து புதிதாக இறங்கிய துணி பாவுக்கு இட்ட கஞ்சியின் விறைப்போடு இருக்கும். அதனை இரண்டு மூன்று முறை அலசி, கஞ்சி முழுதும் போன பின்பே சிசுவின் மேனியில் படவிடலாம். பழைய வேட்டியைத் தேடிய நம் முன்னோரின் அறிவு இதுவே. ஆனால் பழைய துணி என்பதற்காகக் கிழிசலில் நூல் தொங்குவதை எடுத்தல் ஆகாது. பிசிறு நூல் ஒன்று சிசுவின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே கெடும். காரணம் புரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். சரிகை, பாசிமணி, பாலியஸ்டர் கலப்பு ஆகியவை வேண்டவே வேண்டாம். சாயம் கக்கும் துணியும் அப்படியே. குழந்தை அதனைச் சப்பும்.

இடையில் ஒரு விண்ணப்பம். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் வாயிலாகச் சேலையும் வேட்டியும் போர்வையும் விற்கும் நம் சங்கங்கள், ஒரு மீட்டர் சதுரத்தில், நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, கஞ்சி நீக்கி அலசிய சிசுத் துணி என ஒன்றைத் தனியே நெய்து விற்றால் என்ன? தமிழக அரசு 2015ஆம் ஆண்டில் தொடங்கிய குழந்தை நலப் பெட்டகத்தில் துண்டும் உடையும் சிறு மெத்தையும் கொசுவலையும் இடம் பெற்றன. அவ்வகைப் பெட்டகத்தில் கைத்தறி மல்லும் ஓரிடம் பெறத் தகும். கைப்பேசி வழியே விற்கும் ஒட்டுப்பட்டி வைத்த தடித்த உறைகளையும், எடை வைத்துத் தைத்த உறைகளையும் வாங்கிப் பணம் இழப்போரைப் பார்க்கையில் இது தோன்றுகிறது. எடை வைத்த உறை கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

சுற்றும் முறை எளிது. துணியின் ஒரு முனையை மடித்து, மடிப்பு தோளுக்கு மேல் ஏறாதபடி சிசுவைக் கிடத்துக. மார்பில் சுற்றியபின் நம் இரண்டு மூன்று விரல் உள்ளே தாராளமாக நுழைய வேண்டும். இடுப்புக்குக் கீழே துணி பைபோல் தளர்ந்து, கால்கள் மேலும் பக்கமும் மடங்க இடம் தரவேண்டும். ஒரு மடிப்புக்கு மேல் வேண்டாம். உள்ளே நாப்கின் மட்டும் போதும்.

உதறும் சிசுவுக்கு நாம் கண்டவை வருமாறு. முதல் முயற்சியாக ஒரு கையை வெளியே விட்டுச் சுற்றினோம். பல குழந்தைகள் கையை வாயருகே கொண்டுபோகத்தான் போராடுகின்றன. கை விரலைச் சப்புவது அவை தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் வழி. பசிக்கு முன்னறிவிப்பும் அதுவே; கையைக் கட்டிவிட்டால் தாய் அந்த அறிவிப்பைக் காணாமல் போகிறாள். நம் மகவு ஒரு கை விடுதலையால் ஓரளவே அடங்கியது. இரண்டாம் முயற்சியாக இரு கைகளையும் விட்டு, அக்குளுக்குக் கீழே மட்டும் சுற்றினோம். ஓரளவு மேலும் நலம். மூன்றாவதாகத் துணியையே நீக்கினோம். சுற்று என்ன தந்ததோ, அதனை வேறு வழியில் தருவது எப்படி என்று ஆராயத் தொடங்கினோம்.

அதற்கு விடை நம் வீட்டுக் கைகளிலேயே இருந்தது. அழும் சிசுவை மார்போடு அணைத்து, சீரான நடையில், திடீரென்று திரும்பாமல் ஐந்து நிமிடம் நடக்கவேண்டும். அடங்கிக் கண் மூடியதும் உடனே கிடத்தலாகாது. அமர்ந்து, மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருக்கவேண்டும். ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தில் குமி குரோடா முதலியோர் இருபத்தொரு சிசுக்களின் இதயத் துடிப்பை நொடிதோறும் அளந்து 2022இல் வெளியிட்ட முடிவு இது. சிசு விழிப்பது முதுகு படுக்கையில் படும்பொழுதன்று. தாயின் உடலை விட்டுப் பிரியத் தொடங்கும் கணத்திலேயே துடிப்பு மாறுகிறது என அவர்கள் கண்டனர். நாமும் கண்டோம். முன்பெல்லாம் கண் மூடிய மறுகணமே, அப்பாடா என்று கிடத்திவிட்டு, உடனே மறுபடியும் தூக்கிக்கொண்டிருந்தோம். எட்டு நிமிடம் பொறுத்தபின் பத்தில் ஆறு ஏழு முறை கிடத்தல் பலித்தது. கிடத்தும்போது காலையும் இடுப்பையும் முதலிலும் தலையை இறுதியிலும் வைத்து, மார்பின் மேல் உள்ளங்கையைச் சிறிது நேரம் அழுத்தாமல் வைத்திருந்தால், அதன் கைகள் விரிந்தாலும் அது விழிப்பதில்லை. உள்ளங்கை ஒரு நடமாடும் துணிச் சுற்று எனலாம்.

மூன்று மாதம் வரையில் சிசுவுக்கு இரவு பகல் என்ற பேதம் நன்கு அமைவதில்லை என்பதையும் நினைவில் கொள்க. நாளொன்றுக்கு ஏறத்தாழ பதினாறு மணி நேரம் அது உறங்கும். ஆனால் இரண்டு மூன்று மணிக்கூறுகளாகவே உறங்கும். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருளும் அமைதியும் இருந்தால் அக்கணக்கு விரைவில் நேராகும்.

தூளியைப் பற்றிக் கூறாமல் விட்டால் மாமியார்கள் நம்மை மன்னியார். பழஞ்சேலையில் கட்டிய தூளி, சிசுவை நாற்புறமும் அணைத்து ஆட்டுவதால், உதறும் குழந்தையும் அதில் உறங்கிவிடும். தறிக்குழியருகே தூளி கட்டி, தறியின் சத்தத்திலேயே பிள்ளையை உறங்கவைத்த குடும்பங்கள் நம் அங்கத்தினரில் எத்தனையோ. அதனைக் குறை கூற நமக்கு மனமில்லை. எனினும் தூளியில் சிசுவின் முதுகு வளைந்து, முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படும். துணி முகத்தின் இரு பக்கமும் ஒட்டும். ஆகவே அது கண்காணிப்பில் இருக்கும் பகலுக்கு உரியது. இரவு முழுவதற்கும் உரியதன்று. தொட்டில் கம்பு இட்டு வாயை அகல விரித்து, தரைக்கு மிக அருகில் கட்டி, பார்வை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும். உறங்கியபின் எடுத்துப் பாயில் கிடத்துவதே நலம். கோரைப்பாயின் மேல் மடித்த துணி விரித்து, தலையணை இன்றி, மேலே கொசுவலை. சிசுவுக்கு இதைவிடச் சிறந்த படுக்கை இல்லை. தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் பஞ்சு மெத்தையும் ஆகா. பெரிய பிள்ளைகள் ஊஞ்சலாகத் தூளியில் சுழன்று கழுத்தில் துணி இறுகி மாண்ட செய்திகளைத் தமிழ்நாட்டு நாளேடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். சிசு இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து வைத்தல் வேண்டும்.

துணியை உதைத்து உதறும் குழந்தை இன்று புதிதாகத் தோன்றியதன்று. புதுப்பட்டியிலிருந்து வெகு தொலைவில் இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே, கண்ணனின் தாயாகத் தம்மைப் பாவித்துப் பாடிய திருமொழியில், இக்குழந்தை தொட்டிலில் கிடத்தினால் உதைக்கும் உதையையும், தூக்கினால் இடுப்பு படும் பாட்டையும் கூறி, இனி நம்மால் ஆகாது என்று தாய் அண்டை வீட்டுப் பெண்டிரிடம் இளைத்துச் சொல்வதாக ஒரு பாட்டு வைத்திருக்கிறார். நம் மாமியார் அப்பாட்டை அறிவார். ஆனால் இந்தப் பேத்தியோடு அதனை இணைத்துப் பார்த்ததில்லை. நாம் எடுத்துக் காட்டியபோது சிறிது நேரம் சிந்தித்து, "அப்போ அந்தப் பிள்ளையையும் யாரும் கட்டிப்போட முடியவில்லை" என்றார்.

அந்தத் தாயின் இளைப்பு நம் கவனத்திற்கு உரியது. பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி வேலையிலும் உள்ள பெண்களில், 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கிய இருபத்தாறு வாரச் சம்பள விடுப்பைப் பெறுவோர் சிலர். வீட்டிலிருந்தே கூலிக்கு ஒட்டியும் மடித்தும் கொடுப்போருக்கு விடுப்பேது? உறக்கமற்ற தாய், மடியில் குழந்தையோடு அமர்ந்தபடியே அயர்ந்துவிடுவது மிகவும் ஆபத்தானது. ஆகவே ஐந்து நிமிட நடையும் எட்டு நிமிட இருப்பும் ஆண்மக்கள் ஏற்கத்தக்கவை. பால் கொடுப்பது ஒன்றே நம்மால் இயலாது; ஏனைய அனைத்தும் இயலும். இரவு ஒன்பது முதல் ஒரு மணி வரையிலான முறையை நாம் ஏற்றுக்கொண்டோம். மறுநாள் தணிக்கையில் கூட்டல் பிழை இரண்டு நேர்ந்தது. செயலாளர் பெருந்தன்மையுடன் திருத்தித் தந்தார்.

ஆலையிலிருந்து திரும்புவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். கந்தகமும் அலுமினியப் பொடியும் உடையிலும் தலைமுடியிலும் படிந்திருக்கும். குளித்து, உடை மாற்றிய பின்பே சிசுவைத் தொடலாம். வேலை உடையைச் சிசுவின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நலம். அப்புகை சிசுவின் மெல்லிய மூச்சுக் குழலை உறுத்தும்.

அடங்காத அழுகை அனைத்தும் உறக்கக் குறையால் வருவதன்று. உடல் வெப்பம் 37.5 பாகை செல்சியசுக்கு, அதாவது 99.5 பாகை பாரன்ஹீட்டுக்கு, மேற்பட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்திற்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினாலும், மார்பு உள்வாங்கினாலும், வலிப்பு கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. வழக்கமாக உதறும் குழந்தை ஒருநாள் உதறாமல் துவண்டு கிடந்தால் அதுவே பேரபாயம். நள்ளிரவாயினும் 108ஐ அழைக்கத் தயங்கலாகாது. வெயில் நாளில் போர்த்திய துணியால் மேனி சுட்டதாயின், துணியை நீக்கிப் பால் கொடுத்துச் சிறிது நேரம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க. தணியாவிடில் காய்ச்சலென்றே கருதுக.

குறிப்பேட்டை ஆறாம் வார முடிவில் மூடினோம். பிரேசல்டன் கூறியபடியே மாலை அழுகை உச்சத்திற்கு ஏறி, பின் மெல்ல இறங்கிற்று. அதற்குள் மகவு பாயில் இரு கைகளையும் தலைக்கு மேல் எறிந்தபடி மூன்று மணி நேரம் தொடர்ந்து உறங்கக் கற்றிருந்தது. ஆவணியில் ஒரு காலை, நாம் புதுப்பட்டிக்குச் சென்றிருந்தபோது, தானாகவே குப்புறக் கவிழ்ந்து, கை ஊன்றித் தலையை நிமிர்த்தி எங்களை நோக்கிற்று. மாமியார் கொடியிலிருந்த மல் வேட்டித் துண்டை எடுத்து, அதன் வாயில் ஒழுகிய எச்சிலைத் துடைத்துவிட்டு, மறுபடியும் கொடியில் போட்டார்.